பழைய படகும் முதற் பயணமும்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

'தொழிலும் தமிழும்' என்னும் பொதுத் தலைப்பில் பேசுமாறு விழாக்குழுவினர் என்னைப் பணித்தனர். அத்தலைப்பின்கீழ் நான் எடுத்துக்கொண்ட பொருள், பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கிச் செப்பனிடுவதும், அதில் முதற் பயணங்களைத் திட்டமிடுவதும் ஆகும். திருப்பெரும்பூதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே கடல் எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது முறையே. நம்மிடம் இருப்பவை ஏரிகள். ஆயினும் இந்த வட்டாரத்தின் பிழைப்பு கடலை நம்பியே நடைபெறுகிறது. 1998ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் உற்பத்தி தொடங்கிய பிறகும், 2010ஆம் ஆண்டு ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்ட பிறகும், இங்கே உருவான கார்கள் சென்னையிலும் எண்ணூரிலும் கப்பலேறி அயல்நாடுகளுக்குச் சென்றன. கடல் நமக்குக் கண்ணில் படாத அண்டை வீடு.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். காஞ்சியில் இருந்தாண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை ஆற்றுப்படுத்தும் பெரும்பாணாற்றுப்படை, வழியில் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகப் பட்டினத்தையும் அங்கு எரியும் கலங்கரை விளக்கத்தையும் காட்டிச் செல்கிறது. அத்துறையை மாமல்லபுரம் என்று கருதும் அறிஞர் உண்டு. காஞ்சியைப் பாடவந்த புலவருக்குக் கடற்றுறை வழியில் அமைந்த ஊராகத் தோன்றிற்று. நமக்கோ அது விடுமுறை நாளில் பேருந்தேறிச் சென்று பார்த்துவரும் இடமாகிவிட்டது.

இனிப் பொருளுக்கு வருவோம்.

பாய்மரப் படகு என்றவுடன் செல்வர் விளையாட்டு என்ற எண்ணம் எழுவது இயல்பு. அதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப், துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராயிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பவரால் 1911ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் அது யாருக்காக ஏற்பட்டது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதே கடலில் அதே காற்றைப் பிடித்துக் கட்டுமரத்தில் பாய் விரித்துச் சென்ற மீனவருக்குச் சங்கமும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஒருவர் பொழுதுபோக்குக்காகவும் மற்றவர் வயிற்றுக்காகவும் பாய் விரித்தனர். இருவருக்கும் தேவைப்பட்ட அறிவு மட்டும் ஒன்றே.

பழைய படகு இந்த வேலியைச் சற்றுத் தாழ்த்துகிறது. புதிய படகை வாங்கப் பணம் வேண்டும். பழைய படகுக்குப் பணத்தினும் மிகுதியாகக் காலமும் கைத்திறனும் வேண்டும். கைத்திறன் என்று வரும்போது, இந்த அவையில் இருப்பவர்களைவிடத் தகுதி உடையோர் அரியர். எவ்வாறு என்று விளக்குகிறேன்.

இன்று கைமாறும் சிறு பாய்மரப் படகுகள் பெரும்பாலும் கண்ணாடி இழையாலும் ரெசினாலும் ஆனவை. அத்தகைய படகை வாங்க எண்ணுபவர் முதலில் செய்யவேண்டியது, உடற்பகுதி முழுவதையும் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிக் கேட்பது. நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். அடுக்குகள் பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். குயவர் கடையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்கும் நம் பாட்டிமார் அறிந்த கலைதான் இது. நீண்ட காலம் நீரில் கிடந்த படகின் அடிப்புறத்தில் அம்மைக் கொப்புளம்போல் சிறு புடைப்புகள் தோன்றும். மேற்பூச்சைக் கடந்து உள்ளே புகுந்த நீரே அதற்குக் காரணம். அப்பூச்சைச் சுரண்டி நீக்கி, வாரக்கணக்கில், சிலபோது மாதக்கணக்கில் உலரவிட்டு, அதன் பின்னரே எபாக்சி பூச வேண்டும். ஈரம் உலருமுன் பூசினால் நோயை உள்ளே வைத்துத் தைத்ததுபோல் ஆகும். வண்ணப்பூச்சுப் பிரிவில் பணிபுரியும் தோழர்களுக்கு இது புதிய செய்தியன்று. பரப்பைத் தேய்த்துத் தூய்மை செய்வதில்தான் பூச்சின் ஆயுள் இருக்கிறது என்பதை அவர்கள் நாள்தோறும் காண்கின்றனர்.

அடுத்து உலோகம். படகின் அடியில் தொங்கும் கனத்த அடிப்பாரத்தை உடலோடு பிணைத்திருப்பவை சில போல்ட்டுகளே. துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் பெற்றதும், காற்றுப் புகாத ஈர இடுக்கில் அடைபட்டுக் கிடந்தால் உள்ளுக்குள் அரிக்கப்பெறும். வெளியே தலை பளபளக்கும். உள்ளே தண்டு மெலிந்திருக்கும். பாய்மரத்தை நிமிர்த்தி நிறுத்தும் கம்பி வடங்களும் அத்தகையவையே. கண்ணுக்கு நன்றாகத் தோன்றினும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழிந்தபின் அவற்றை மாற்றிவிடுவது அறிவுடைமை. இருவேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டிருந்தால் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும். அதனாலேயே துத்தநாகக் கட்டி ஒன்றைப் படகின் அடியில் பொருத்துகின்றனர். மற்ற உலோகங்களுக்கு மாற்றாகத் தான் கரைந்துபோவதே அதன் பணி. சில திங்களுக்கு ஒருமுறை அதை மாற்ற மறந்தால் படகின் மற்ற உறுப்புகள் அந்தக் கடனைத் தீர்க்க நேரிடும்.

பின்னர்ப் பாய். வெயில் முதலில் கெடுப்பது துணியை அன்று, தையல் நூலையே. நகத்தால் கீறிப் பார்த்து நூல் அறுபடுமானால், துணி எவ்வளவு வெண்மையாக இருப்பினும் மறுதையல் வேண்டும். படகின் உடலைத் துளைத்துச் செல்லும் குழாய்கள், அவற்றை அடைக்கும் வால்வுகள், சுக்கானின் தாங்கிகள், நீரிறைக்கும் பம்பு, மின்கம்பிகள் என்று பட்டியல் நீளும். எதை முதலில் செய்வது? இதற்கு ஓர் எளிய வரிசை உண்டு. படகை மிதக்க வைப்பவை முதலில். திசை திருப்புபவை அடுத்து. பாயைத் தாங்குபவை மூன்றாவது. வசதியும் அழகும் கடைசி. மெத்தையும் வண்ணமும் முதலில் வாங்கியவர் படகு பெரும்பாலும் கரையிலேயே நின்றுவிடும்.

இங்கே நான் சொல்ல வந்த கருத்தைச் சொல்லிவிடுகிறேன். உற்பத்தி வரிசையில் நிற்பவருக்கு வேலை நொடிகளாகப் பிரித்துத் தரப்படுகிறது. ஒருவர் ஒரு போல்ட்டை முடுக்குவார். அடுத்தவர் ஒரு கம்பியை இணைப்பார். பத்தாண்டு பணிபுரிந்தும் ஒரு வண்டியின் முழுமை அவர் கைக்குள் வருவதில்லை. தரத்தைச் சோதிப்பவர் வேறொருவர்; ஓட்டிச் செல்பவர் கடல்கடந்த நாட்டில் உள்ள முகமறியாதவர். பழைய படகைச் செப்பனிடுபவரின் நிலை இதற்கு நேர்மாறானது. உடலும் உலோகமும் துணியும் மின்சாரமும் ஒரே மனிதரின் கைவழியே செல்கின்றன. அதனினும் மேலாக, தம் கைவேலையின்மேல் தம் உயிரையே வைத்து அவர் புறப்பட வேண்டியிருக்கிறது. அங்கே தரச்சோதனை அலுவலர் கடலே. திறன் நம்மிடம் இருக்கிறது. முழுமை நம்மிடம் இல்லை. அந்த முழுமையை ஒருவர் தம் கையால் மீட்டுக்கொள்ளும் வழிகளுள் ஒன்றாகவே இந்தப் பழைய படகைக் காண்கிறேன்.

இது வெறும் மனநிறைவு பற்றிய பேச்சன்று. நம் வட்டாரத்தில் நோக்கியா கைப்பேசி ஆலை 2006ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கி 2014ஆம் ஆண்டு நவம்பரில் நின்றுபோனதை நீங்கள் அறிவீர்கள். அங்கே பணியாற்றியவருள் இளம்பெண்கள் மிகப் பலர். ஒரே ஒரு செயலில் மட்டும் விரைவு பெற்ற கை, அந்தச் செயல் நின்றவுடன் வெறுங்கையாகிவிடுகிறது. பொருளின் முழுமையை அறிந்த கை அவ்வளவு எளிதில் வெறுமை அடைவதில்லை.

பழைய படகைச் செப்பனிட்டுப் பெரும்பயணம் சென்றவர் நம் நாட்டில் உண்டா என்று கேட்டால், புகழ்பெற்ற சான்றே உண்டு. பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவந்த முதல் இந்தியக் குழு, நம் தரைப்படையின் பொறியாளர் பிரிவைச் சேர்ந்தது. அவர்கள் சென்ற 'திரிஷ்ணா' 37 அடி நீளமே உடையது. அது அவர்களுக்கென்று கட்டப்பட்ட புதுப்படகன்று. இங்கிலாந்தில் விலைக்கு வாங்கிய பழைய படகு. வாங்கிய படகை அவர்கள் வேறொரு கப்பலில் ஏற்றி அனுப்பவில்லை. தாங்களே அதை ஓட்டிக்கொண்டு பம்பாய் சேர்ந்தனர். அந்த வரவே அவர்களுக்குப் பள்ளிக்கூடமாயிற்று. பின்னர் 1985ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் பம்பாயிலிருந்து புறப்பட்டு, 1987ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் திரும்பினர். பாலம் கட்டுவதும் பாதை அமைப்பதும் தொழிலாகக் கொண்ட தரைப்படைப் பொறியாளர்கள் இதைச் செய்தனர் என்பது நமக்கு ஊக்கம் தரும் செய்தி.

முதற் பயணங்களைப் படிப்படியாக நீட்டுவது எப்படி என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று இருக்கிறது. கடற்படையின் 'தாரிணி' என்னும் 56 அடிப் பாய்மரப் படகு கோவாவில் கட்டப்பட்டு 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் பணியில் சேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பெண் அலுவலர் அறுவர் அதில் புறப்பட்டு 2018ஆம் ஆண்டு மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பினர். அப்படகிலேயே இரண்டாம் முறையாகப் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும், இருவர் மட்டுமே சென்றனர். 2024ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து கிளம்பி, ஃப்ரீமாண்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் ஆகிய துறைகளில் மட்டும் தங்கி, 25,000 கடல் மைலுக்கு மேற்பட்ட தொலைவைக் கடந்து 2025ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் திரும்பினர்.

செய்தித்தாள்கள் இந்தப் பெரும்பயணத்தைப் போற்றின. நான் போற்ற விரும்புவது அதற்கு முந்திய பயணங்களை. முதலில் அறுவர் குழுவில் இருவராகக் கேப் டவுன் வழியே ரியோ டி ஜெனிரோவுக்குச் சென்று மீண்டனர். அடுத்து இருவராகவே அந்தமானுக்குச் சென்று வந்தனர். பிறகு இருவராகவே மொரீஷியசுக்குச் சென்று வந்தனர். துணையோடு கற்றதைத் துணையின்றிச் செய்து பார்த்து, அதன் பின்னரே தென்கடலில் இறங்கினர். துணிவு என்பது திடீரென்று பிறப்பதன்று. பயிற்சியின் படிகளில் ஏறி வருவது என்பதற்கு இதனினும் நல்ல உரை வேண்டுவதில்லை.

இந்தப் படிமுறையை நம் கரைக்குப் பொருத்திப் பார்ப்போம். செப்பனிட்ட சிறு படகு ஒன்று சென்னைத் துறைமுகத்தில் நிற்பதாகக் கொள்வோம். துறைமுகத்தாரின் ஒப்புதலும் உயிர்காப்பு மிதவை அங்கிகளும் எல்லாப் பயணத்துக்கும் பொது. முதற்பயணம் துறைமுகத் தடுப்புச்சுவருக்கு உள்ளேயே அமைய வேண்டும். பாயை ஏற்றுதல், காற்று மிகும்போது சுருக்குதல், இறக்குதல் ஆகிய மூன்றும் கைக்குப் பழகவேண்டும். இரண்டாம் பயணம் காலையில் வெளியே சென்று பிற்பகலில் திரும்புவது. இதற்கு நம் கரை இயற்கையாகவே வழிசெய்துள்ளது. கோடை நாட்களில் விடியலில் தரையிலிருந்து கடல் நோக்கி மென்காற்று வீசும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்து கரை நோக்கி வீசும். போகவும் வரவும் காற்று துணைசெய்யும் அந்த ஒழுங்கில்தான் கட்டுமரங்கள் தலைமுறை தலைமுறையாகக் கடல்மேற் சென்று வந்தன.

மூன்றாவது பயணமே வெளியூர்ப் பயணம். சென்னையிலிருந்து மாமல்லபுரம் கடல்வழியில் ஏறத்தாழ 30 கடல் மைல். புதுச்சேரி ஏறத்தாழ 75 கடல் மைல். மணிக்கு 4 கடல் மைல் வேகத்தில் செல்லும் சிறு படகு புதுச்சேரி சேர 19 மணி நேரம் ஆகும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கிச் செல்வது வழக்கம். எதிர்நீர் மணிக்கு 1 கடல் மைல் வேகத்தில் வருமானால் 19 மணி 25 ஆகிவிடும். அதாவது பகலில் சேரலாம் என்று எண்ணியவர் இரவைக் கடலில் கழிக்க நேரும். சோழமண்டலக் கரையில் புகலிடம் தரும் இயற்கைத் துறைகள் அரியவை. மாமல்லபுரம் திறந்த கரை. புதுச்சேரி முகத்துவாரமோ மணல் மேடிடும் இயல்புடையது. எனவே நினைத்த இடத்தில் ஒதுங்கலாம் என்ற எண்ணம் இங்கே செல்லாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். ஏப்ரல், மே மாதங்களிலும் புயல் எழுவதுண்டு. பொங்கல் கழிந்து பங்குனி வரை உள்ள காலமே புதியவருக்கு உகந்தது. 'திரும்புவதற்கு உரிய நேரம் எது' என்பதைப் புறப்படுமுன்பே தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்ல வழக்கம். கடலில் இருக்கும்போது ஆசை கணக்கை மாற்றி எழுதும்.

இவ்வளவையும் தமிழில் சொல்ல முடிந்ததா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். எபாக்சி என்றும் பம்பு என்றும் வால்வு என்றும் சொன்னேன். அவை மக்கள் வழக்கில் ஏறிய சொற்கள், அவற்றால் குற்றமில்லை. நான் கவலைப்படுவது வேறொன்றுக்காக. பலகைகளின் இடுக்கைப் பஞ்சாலும் நாராலும் அடைத்து நீர்புகாமல் செய்யும் தொழிலுக்குக் 'கலப்பற்று' என்ற சொல் நம் அகராதியில் இருக்கிறது. பாயைத் தாங்கும் குறுக்குமரத்துக்குப் 'பருமல்' என்ற பெயர் இருக்கிறது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு காற்றும், வன்னி, தெண்டி என்று நீரோட்டத்துக்குத் தனிப்பெயர்களும் மீனவர் நாவில் வாழ்கின்றன. மரக்கலம் கட்டும் முறையைக் கூறும் 'கப்பல் சாத்திரம்' என்னும் தமிழ்ச் சுவடியைச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950ஆம் ஆண்டு அச்சிட்டது. ஏட்டில் இருப்பது தப்பிவிட்டது. நாவில் மட்டும் இருப்பதன் நிலை என்ன? 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் ஃபைபர் படகுகளும் வெளிப்பொருத்து எஞ்சின்களும் கரையெங்கும் பெருகின. கட்டுமரமும் பாயும் ஒதுங்கின. மீனவரின் உழைப்பும் இடரும் குறைந்தது நல்லதே. அதைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் பாய் விரித்துக் கடல்மேற் சென்ற கடைசித் தலைமுறை இப்போது முதுமையில் இருக்கிறது. அவர்களோடு அச்சொற்களும் போகக்கூடும்.

பெயர்களைப் பற்றிப் பேசும்போது ஈழத்து வல்வெட்டித்துறையின் 'அன்னபூரணி'யை நினையாமல் இருக்க இயலாது. வேப்ப மரத்தால் வல்வெட்டித்துறையார் கட்டி, வணிகத்தில் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பாய்க்கப்பல் ஏறத்தாழ 90 அடி நீளமுடையது. 32 அடி நீளமுள்ள 'ஸ்வாப்' என்னும் சிறு படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிப் புகழ்பெற்ற வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கினார். அதற்குத் தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாற்றினார். தண்டையல் தம்பிப்பிள்ளை முதலான வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள் அதைச் செலுத்திச் சென்றனர். 1938ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறையைச் சேர்ந்தது. பழைய கலம் கைமாறியது, பெயரும் மாறியது. ஆனால் கட்டியவர் கையும் செலுத்தியவர் கையும் தமிழ்க் கைகள் என்பது மறையவில்லை. காரணம், அந்த ஊரார் 'அன்னபூரணி' என்ற பெயரைத் தங்கள் நாவிலும் எழுத்திலும் விடாது காத்தார்கள்.

நம் வட்டாரத்தில் உருவாகிக் கப்பலேறும் பொருள்களின்மேல் நம் பெயர் இருப்பதில்லை. அது வணிகத்தின் இயல்பு. ஆனால் அப்பொருள்களைச் செய்த அறிவு யாருடைய மொழியில் எழுதப்படும் என்பது நம் கையில் உள்ளது. ஆகவே இந்த வட்டத்தின் பதினோராம் ஆண்டுக்கு ஒரு பணியை முன்வைக்கிறேன். நம் உறுப்பினருள் பற்றவைப்பவர் உண்டு, வண்ணம் பூசுபவர் உண்டு, அச்சுவார்ப்பவர் உண்டு, மின்பணியாளர் உண்டு. திங்கள்தோறும் நடக்கும் கூட்டத்தில் கவிதை வாசிப்புக்கு முன் கால்மணி நேரம் ஒதுக்கி, ஒரு தொழிலர் தம் கருவிகளையும் செய்முறையையும் தாம் பேசும் சொற்களிலேயே விளக்கட்டும். அதை ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். ஆண்டுக்கு இருமுறை பழவேற்காட்டுக்கோ கோவளத்துக்கோ சென்று, பாய் ஓட்டிய பெரியவர்களிடம் கேட்டு எழுதி வருவோம். பன்னிரண்டு கூட்டங்களில் பன்னிரண்டு தொழில்களின் சொற்கள் சேரும். எந்தப் பல்கலைக்கழகமும் நிதி ஒதுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

படகும் ஒருநாள் வரலாம். நான்கைந்து தோழர்கள் சேர்ந்து பங்குபோட்டு ஒரு சிறு பழம்படகை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் செப்பனிட்டால், ஓராண்டில் அது நீரில் இறங்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்குரிய தொழில்திறன் முழுவதும் இந்த மண்டபத்துக்குள் இப்போதே அமர்ந்திருக்கிறது. இல்லாதது, காற்றையும் நீரையும் படிக்கும் அறிவு மட்டும். அதைத் தரவல்ல பெரியவர்கள் ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் கடற்கரையில் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் முதலில் செல்லவேண்டும். படகு வாங்குவது அதன் பின்னரே ஆகட்டும்.